குடும்பத் தலைவி காத்தாயி

நடவில் பின்னுக்கு நகர்ந்துகொண்டேதான் நட வேண்டும். அதனால் கை தளர்ந்தவள் பின்தங்க மாட்டாள். மற்றவர்கள் எல்லாரும் பின்னால் போய்விட, அவள் மட்டும் முன்னால் தனியாக நின்றுகொண்டிருப்பாள். அந்தப் புரட்டாசியில் அம்சம் அப்படித்தான் நின்றாள்.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, புதாற்றுத் தண்ணீர் பாயும் வயல் அது. பதினோரு பெண்கள் வரிசை கட்டி நட்டுக்கொண்டிருந்தார்கள். அம்சம் நாலு குத்து நடுவாள், நிமிர்வாள், வாயைத் திறந்து மூச்சு வாங்குவாள், மறுபடி குனிவாள். இடப்பக்கம் நின்ற மேகலா தன் பங்கை ஒரு குத்து அகலமாக்கிக்கொண்டாள். வலப்பக்கத்துக்காரியும் அதே மாதிரி செய்தாள். மத்தியானத்துக்குள் அம்சத்தின் பங்கு பாய் அகலத்திலிருந்து முறத்தின் அகலத்துக்கு வந்துவிட்டது. கூலி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

வரப்பில் உட்கார்ந்து சோறு தின்னும்போது மேகலா, "நீ பேசாம வேட்டியக் கட்டிக்கிட்டு கரையில நின்னு எங்கள அதட்டிக்கிட்டு இரு. அதுக்கும் ஒரு ஆள் வேணும்ல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்சமும் சிரிக்கப் பார்த்தாள். சிரிக்கிற அளவுக்கு மூச்சு இல்லை.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. பதினெட்டில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மூன்றாம் வருஷம் ஒரு துணிப்பையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். வீட்டில் அம்மா காத்தாயியும் தம்பி இராஜாங்கமும் இருந்தார்கள். பிறகு தம்பிக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் பிறந்தது. அந்தப் பெண் கனிமொழிக்கு நாலு வயதாக இருக்கும்போது அதன் தாய் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். அன்றையிலிருந்து கனிக்குத் தலை வாரியது, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது, அம்மை போட்டபோது வேப்பிலை விரித்துப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் அம்சம்தான். கனி அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டது. அம்சமும் அதை மாற்றச் சொன்னதில்லை.

இப்போது கனி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அத்தைக்கு இருமல் நிற்கவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று மேகலா போனில் சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அடுத்த நாளே அப்பாவை விரட்டி அத்தையைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பினாள். அங்கிருந்து தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

தஞ்சாவூரில் நெஞ்சில் பசை மாதிரி ஒன்றைத் தடவிப் படம் பிடித்தார்கள். டாக்டர் சின்ன வயதுக்காரர். அம்சத்தின் விரல் நகங்களைப் பார்த்துவிட்டு, நடவுக்குப் போறீங்களா என்று கேட்டார். பிறகு அவளுக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். இருதயத்தில் ஒரு மதகு இருக்கிறது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்றில் அது கெட்டு, இப்போது சுருங்கிப்போய்விட்டது. திறந்தாலும் முழுக்கத் திறக்கவில்லை, மூடினாலும் முழுக்க மூடவில்லை. பலகையை மாற்ற வேண்டும். இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது.

"காப்பீட்டு அட்டை இருக்காம்மா?" என்றார். "முதலமைச்சர் திட்டத்துல இது முழுக்க வந்துடும். வால்வுக்கு நீங்க கையிலேர்ந்து போட வேண்டியதில்ல."

அம்சம் தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தான்.

அட்டை இல்லை. ஊரில் அதற்காகப் போட்டோ எடுக்க வந்த நாட்களில் இரண்டு பேரும் அறுப்பில் இருந்தார்கள். நமக்கென்ன நோவு வந்துவிடப் போகிறது என்று விட்டுவிட்டார்கள். இப்போது எடுத்துக்கொள்ளலாம்தான். எடுக்க ரேஷன் கார்டு வேண்டும். அங்கேதான் சிக்கல் இருந்தது.

இராஜாங்கத்துக்கும் கனிக்கும் தனிக் கார்டு. அம்சத்தின் பெயர் அம்மாவின் கார்டில் இருந்தது. அம்மாவுடையது பரம ஏழைகளுக்குக் கொடுக்கிற முப்பத்தைந்து கிலோ கார்டு. கஜா புயலுக்கு மறு வருஷம் ஆடி கடைசியில் காத்தாயி இறந்துபோனாள். ஊரே கூடி எடுத்துப்போய்ப் புதைத்தது, பதினாறாம் நாள் கருமாதியும் நடந்தது. ஆனால் காத்தாயி இறந்ததை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் கார்டு போய்விடும், கார்டு போனால் அரிசி போய்விடும். புயலில் தென்னை எல்லாம் விழுந்து, ஊரில் வேலையே இல்லாமல் கிடந்த வருஷம் அது. அம்சம் மாதாமாதம் அங்காடிக்குப் போய் ரேகை வைத்து அரிசி வாங்கிவந்தாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் பொங்கிய சோறெல்லாம் காத்தாயி பேரில் வந்த சோறு. ஆடியில் அவளுக்குப் போட்ட படையலும் அதே அரிசிதான்.

காப்பீட்டு மேசையில் கூத்தாநல்லூர்க்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆசியா என்று பெயர்ப் பட்டையில் இருந்தது. கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினாள்.

"குடும்பத் தலைவி காத்தாயி. வயசு எண்பத்தி மூணு. அவங்க எங்கக்கா? தலைவி நேர்ல வந்து போட்டோ எடுக்கணும்."

"வீட்டுல" என்றாள் அம்சம். எப்படி அந்தச் சொல் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. யார் எதைக் கேட்டாலும் முதலில் பயந்து, பிறகு எதையாவது சொல்லிவிட்டு, அதற்கும் பயப்படுகிற சுபாவம்.

"நடப்பாங்களா?"

"நடக்க மாட்டாங்க."

அது பொய் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"படுக்கையா?"

அம்சம் தலையை ஆட்டினாள். ஆசியாவின் முகம் இளகிவிட்டது. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு அம்சத்தின் கையைத் தொட்டாள். கவலைப்பட வேண்டாம், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்காக வீட்டுக்கே ஆள் அனுப்ப வழி இருக்கிறது, கலெக்டர் ஆபீசில் தானே பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றாள். ஊர்ப் பெயரையும் இராஜாங்கத்தின் போன் நம்பரையும் எழுதிக்கொண்டாள். வெளியே வரும்போது, பாட்டிக்கு முதுகில் புண் வராமல் புரட்டிப் போடுங்க என்றும் சொல்லி அனுப்பினாள்.

ஒரத்தநாட்டில் இராஜாங்கம் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு, "ஆள் வந்தா யாரப் படுக்க வைக்கிறதா உத்தேசம்?" என்றான்.

இந்தச் சங்கதி மேகலாவுக்குத் தெரிந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "எங்க மாமியாரக் கொண்டாந்து போடுறேன். காதும் கேக்காது, கண்ணும் தெரியாது. காத்தாயியான்னாலும் ஆமாம்பா, கலெக்டரான்னாலும் ஆமாம்பா." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, அம்சத்தின் கால்கள் இரண்டும் வீங்கியிருப்பதைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. தானே போய்ச் சுக்கு தட்டிப் போட்டுக் காப்பி வைத்தாள்.

சனிக்கிழமை கனி வந்தாள். வந்ததும் வராததுமாக அத்தையின் காலை மடியில் எடுத்து வைத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

அவள் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வேலை பார்க்கிறவருக்கும் குடும்பத்துக்கும் பெற்றோருக்கும் சேர்த்து. வருஷத்தில் ஒருமுறை, அக்டோபர் மாதம் முழுக்க, பெயர்களைச் சேர்க்கவோ எடுக்கவோ விடுவார்கள். மாதக் கடைசியோடு மூடிவிடுவார்கள். நவம்பர் முதல் தேதியிலிருந்து சேர்த்த பெயருக்குப் பாதுகாப்பு. அப்பா என்ற கட்டத்தில் இராஜாங்கத்தின் பெயர் இருந்தது. அம்மா என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதுல உன் பேரப் போட்டுடுறேன் அத்தை" என்றாள் கனி. சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அம்சம் எட்டிப் பார்த்தாள். அவள் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் எந்தக் கட்டம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, கனியின் விரல் அங்கேயே நின்றதால். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று புரண்டது. அது நோவா வேறு ஒன்றா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பார்ப்போம் ஆயி என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனிக் காப்பீடு எப்படி வேலை செய்யும் என்பதை அவள் ஒருதரம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். போன வருஷம் இராஜாங்கத்துக்குக் குடலிறக்கம். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. போனவுடன் உட்கார வைத்தார்கள். நர்சுகள் சார் என்று கூப்பிட்டார்கள். தன்னை யாரோ சார் என்கிறார்களே என்று இராஜாங்கம் மூன்று தடவை திரும்பிப் பார்த்தான். அறையில் குளிர் மெஷின், படுக்கையை ஏற்ற இறக்க ஒரு பொத்தான். மறுநாளே தையல் போட்டு முடித்தாகிவிட்டது. ஆனால் வீட்டுக்கு அனுப்ப அனுமதி வர வேண்டும் என்றார்கள். எங்கேயிருந்தோ மெசேஜ் வர வேண்டும். காலை ஒன்பது மணிக்கு உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தவன் சாயங்காலம் ஐந்து வரைக்கும் உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு பையன் வந்து ஆதார் கேட்டான், கனியின் ஆதார் கேட்டான், இவர் அவங்களுக்கு என்ன முறை, அதற்கு என்ன சான்று என்று கேட்டான். அம்சம் மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். சேர்க்கும்போது யாரும் கேட்கவில்லை. கொடுக்கும்போதுதான் கேட்கிறார்கள். அதை அவள் மறக்கவில்லை.

திங்கட்கிழமை ஆசியா போன் செய்தாள். புதன்கிழமை காலையில் வீட்டுக்குப் போட்டோ எடுக்க ஆள் வருகிறது, பாட்டியைக் குளிப்பாட்டி வையுங்கள் என்றாள்.

அன்று முழுக்க அம்சம் ஒன்றும் சாப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் ஆறு வருஷ அரிசியைத் திருப்பிக் கேட்பார்கள், கேஸ் போடுவார்கள் என்று இராஜாங்கத்திடம் டீக்கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் கார்டு விஷயத்தை அப்படியே விடு, கனி சொன்ன மாதிரி செய்துகொள்வோம் என்றான். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வயலுக்குப் போன பிறகு, அம்சம் நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, கார்டை மடியில் செருகிக்கொண்டு, தனியாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். பஸ் நிறுத்தத்துக்கு நடக்க ஐந்து நிமிஷம் ஆகும் வழி. அன்று வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து போனாள்.

மேசைக்கு முன்னால் கூட்டம். எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள். பதினொன்றரைக்கு ஆசியாவே அவளைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு ஆள் அனுப்ப வேணாம் பாப்பா" என்றாள் அம்சம். பொட்டுப் பொட்டாக வியர்த்தது. "எங்கம்மா செத்து ஆறு வருசம் ஆவுது. அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். என்ன எங்க வேணாலும் கொண்டுபோயி நிறுத்து. தம்பிக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

ஆசியா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள்.

"நான் ஆளுங்கள உங்க வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நாலு பேர்கிட்ட சண்ட போட்டேன், தெரியுமாக்கா?" என்றாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அது பாதியிலேயே வேறு மாதிரி போய்விட்டது. "முதுகுல புண்ணு வராம பாத்துக்கங்கன்னு வேற சொல்லி விட்டேன்." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரித்தார்கள். அம்சத்துக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது, இருமலும் வந்தது.

பிறகு ஆசியா ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தாள். ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் இறப்பைப் பதிவு செய்யக் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு முதலில் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும். இறப்புச் சான்று வந்ததும் காத்தாயியின் பெயரை நீக்கிவிட்டு அம்சம் பேருக்கே கார்டு மாற்றலாம். தனி ஆளுக்கும் கார்டு உண்டு. அதோடு வருமானச் சான்று. இவ்வளவும் வந்தால் அன்றைக்கே காப்பீட்டில் பதிந்துவிடலாம். அரிசிக்காக யாராவது எதுவும் கேட்டால் கேட்கட்டும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் மூச்சு விடுங்கள் என்றாள்.

ஊர் கிராம நிர்வாக அலுவலர் சாரங்கபாணி நல்ல மனிதர், ஆனால் தேதி வேண்டும் என்றார். என்றைக்கு இறந்தார்கள்? ஆடி கடைசி. ஆடி கடைசி என்றால் எந்தத் தேதி? யாருக்கும் தெரியவில்லை. சாட்சி சொல்ல வந்தவர்கள் நடவுக்காரிகள்தான். மேகலாவோடு சேர்த்து ஐந்து பேர், முழங்கால் சேற்றோடு வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். அன்றைக்கு ஆற்றில் தண்ணி வந்த முதல் நாள் என்றாள் ஒருத்தி. இல்லை, வந்து மூன்றாம் நாள், வாய்க்காலில் வந்த புதுத் தண்ணியில்தான் குளித்துவிட்டு வந்தோம் என்றாள் இன்னொருத்தி. வெள்ளிக்கிழமை என்று மேகலா அடித்துச் சொன்னாள், அன்று அவள் விரதம், எழவு வீட்டில் காப்பி கூடக் குடிக்கவில்லை. சாரங்கபாணி அந்த வருஷத்து நாட்காட்டியைப் போனில் தேடி எடுத்து, தண்ணீர் வந்த நாளையும் வெள்ளிக்கிழமையையும் வைத்துக் கணக்குப் பார்த்து ஒரு தேதியை எழுதினார். ஐந்து பேரும் கையெழுத்தும் ரேகையும் வைத்தார்கள்.

"ஏம்மா, ஆறு வருசமா அஞ்சு பேருக்கும் தெரியும். ஒருத்தர் கூடச் சொல்லலையே" என்றார் அவர்.

"நீங்க கேக்கலையே சார்" என்றாள் மேகலா.

கோட்டாட்சியர் ஆபீசில் காகிதம் உட்கார்ந்துவிட்டது. போனால் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் போனால் ஐயா முகாமுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் விடிகாலையில் அம்சத்துக்கு மூச்சு சுத்தமாக அடைத்து, உதடு நீலம் பாய்ந்தது. ஆம்புலன்சுக்குப் போன் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கார்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, உடனே படுக்கை கொடுத்து ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். ஆனால் டாக்டர், சென்னையிலிருந்து ஓடிவந்த கனியை வெளியே கூப்பிட்டு, இந்தத் தடவை தப்பித்துவிட்டார்கள், மதகை மாற்றாமல் இன்னொரு தடவை இப்படி வந்தால் சொல்ல முடியாது என்றார். அறுவைக்குத் தேதி கொடுக்கத் தயார், வால்வுக்கு அனுமதி வர அட்டை எண் வேண்டும் என்றார்.

அன்று தேதி முப்பத்தொன்று.

கனி படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். சுற்றிலும் நாற்பது படுக்கை, தூக்குவாளியும் துணிப்பையுமாக ஆட்கள். பக்கத்துப் படுக்கைக்காரி சினிமா ஓடப்போகிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மூடிடுவாங்க அத்தை. ஒரு பேரு எழுதணும், அவ்வளவுதான். நாளையிலேர்ந்து எந்த ஆஸ்பத்திரிக்கு வேணாலும் போகலாம்."

அம்சத்துக்கு மூக்கில் குழாய் இருந்தது. பேச முடிந்தது, நிறுத்தி நிறுத்தி.

"நாளைக்கு அங்க போனா என் ஆதாரக் கேப்பான். உன் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டக் கேப்பான். அதுல உங்கம்மா பேருதான இருக்கு? அப்பாவுக்குக் கேட்டான், நான் பாத்தேன். அப்ப உன்னக் கூப்புட்டு வச்சுக் கேப்பான். வேல போவும்."

"போனாப் போவுது."

"போவாது. அது போவறதுக்கா நான் உன்ன..." மூச்சு வாங்கிக்கொண்டாள். "செத்தவள உயிரோட வச்சிருந்ததுக்குத்தான் இப்ப அலையறோம். இப்ப உங்கம்மாவ எடுத்துட்டு அந்த எடத்துல என்னய உக்காரச் சொல்ற. அவ நல்லவ கனி. உன்ன என் கையில குடுத்துட்டுப் போனவ. அவ எடத்த நான் எடுத்துக்க மாட்டேன்."

கனி அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரி மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மாமனாருக்கு ஒரு கட்டம் இருக்கு, மாமியாருக்கு ஒரு கட்டம் இருக்கு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல, பொறக்கப் போற புள்ளைக்கி ரெண்டு கட்டம் இருக்கு. உனக்கு மட்டும் ஒரு கட்டம் கூட இல்ல அத்தை" என்றாள்.

அம்சம் அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். ஊசி ஏற்றிய கையாக இருந்ததால் இரண்டு விரலால்தான் தடவ முடிந்தது. "இங்க இருக்கு ஆயி. தனி ஆளா வந்தாலும் கார்டு தர்றேன்னுதான சொல்றாங்க. வரட்டும். அதுக்குள்ள ஒண்ணும் ஆவாது."

ஆகாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் சொன்னாள். கனி ஆறு மணி வரைக்கும் லேப்டாப்பைத் திறந்தபடியே வைத்திருந்தாள். ஆறு மணிக்கு அந்தப் பக்கம் தானாகவே மூடிக்கொண்டது.

மறுநாள் காலையில் கனி கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே எழுந்து சத்தம் போட்டாளா, கெஞ்சினாளா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாரங்கபாணியும் விடுப்புப் போட்டுவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் பின்னால் தெரிந்தது. மூன்றாம் நாள் உத்தரவு கையெழுத்தானது. காத்தாயி ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமையில் அரசாங்கக் கணக்கிலும் இறந்தாள். கார்டு மாறியது. வருமானச் சான்று வந்தது. கலெக்டர் ஆபீசுக்கு அம்சத்தைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனார்கள். ரேகை மெஷினில் அவள் விரல் இரண்டு தடவை விழவில்லை. முப்பது வருஷ நாற்று அதைத் தேய்த்திருந்தது. கூட வந்திருந்த ஆசியா துணியை நனைத்து அவள் விரலைத் துடைத்துத் துடைத்துப் பதிய வைத்தாள். கம்ப்யூட்டரில் வந்ததை வாசித்துக் காட்டினாள். குடும்பத் தலைவி அம்சம், வயது ஐம்பத்தொன்று, உறுப்பினர் ஒருவர்.

இராஜாங்கத்துக்கு முப்பத்தைந்து கிலோ போனது வருத்தம்தான். அரிசியைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. வந்தால் பார்த்துக்கொள்வோம் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, கடையில் மூட்டையாக வாங்கிப்போட்டான்.

கார்த்திகை இரண்டாம் வாரம் அறுவை நடந்தது. ஐந்து மணி நேரம். கனியும் இராஜாங்கமும் வராந்தாவில் நின்றார்கள், மேகலா படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே இருந்தாள். பையில் கொண்டுவந்த வெற்றிலை தீர்ந்துபோனபோது டாக்டர் வெளியே வந்து, மதகு நன்றாகத் திறந்து மூடுகிறது என்றார்.

நினைவு வந்து நாலைந்து நாள் கழித்துத்தான் அம்சம் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். சுவர்க் கடிகாரம் மாதிரி ஒரு டிக் டிக். வார்டில் கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். இல்லை. சத்தம் அவளுக்குள்ளேயிருந்து வந்தது. உலோக வால்வு, சிலருக்கு அப்படித்தான் கேட்கும் என்று நர்ஸ் சொன்னாள். அம்சத்துக்கு வெட்கமாகப் போயிற்று. தன் நெஞ்சு அடிப்பது ஊருக்கெல்லாம் கேட்கிறது என்று நினைத்து, யாராவது பக்கத்தில் வந்தால் துண்டை இரண்டாக மடித்து மார்மேல் போட்டுக்கொண்டாள்.

தை பிறந்து அறுப்பு தொடங்கியபோது அவள் வீட்டில் இருந்தாள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒருதரம் தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனை. மேசைப் பக்கம் போய் ஆசியாவைப் பார்த்துவிட்டு வருவாள். வயலில் குனிய இன்னும் அனுமதி இல்லை. ஆனால் இப்போது படுத்துத் தூங்குகிறாள். மல்லாந்து, கால் நீட்டி, குறட்டை விட்டு. அக்கா குறட்டையில் தனக்குத் தூக்கம் போகிறது என்று இராஜாங்கம் ஊர் முழுக்கப் புகார் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

சென்னையிலிருந்து தினமும் காலையில், ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால், கனி அப்பாவின் போனுக்குக் கூப்பிடுவாள். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டு முடித்ததும், "போன நெஞ்சுல வை அத்தை" என்பாள். முதல் நாள் அம்சம் மாட்டேன் என்றாள். இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்னாலேயே துண்டை விலக்கிவிட்டுப் போனை வைத்துக்கொள்கிறாள். இரண்டு பேரும் பேச மாட்டார்கள். வாசலில் வண்டியை உதைத்துக்கொண்டு, போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு இராஜாங்கம் நிற்பான்.

"பேசி முடிச்சாச்சா?" என்பான்.

இல்லை என்று அவள் கையால் சைகை காட்டுவாள்.